ஒரு பஸ் நிறையத் தேனிலவு

அடுத்தவரை ஊருக்கு அனுப்பி வைப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும்: விசாரிக்க வருபவர் ஒருவர், பயணம் போகிறவர் வேறொருவர், எங்கே போவதென்று முடிவு செய்கிறவர் இன்னொருவர். இந்த மூன்று பேருக்கும் நடுவில், கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து திட்டு வாங்கிய என் இனத்தாரே, இது உங்களுக்காக எழுதியது. மற்றவர்களும் படிக்கலாம். ஆனால் நீங்கள்தான் பெருமூச்சு விடுவீர்கள்.

ஐம்பதுகளின் கடைசியில், சேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறச் சந்தில் இருந்த ஒரு சின்னப் பயண ஏற்பாட்டு ஆபீசில் நான் வேலை பார்த்தேன். முதலாளி அருளப்பன், யாத்திரைக் கூட்டத்தோடு கூடப் போகும் மாணிக்கம், கவுண்ட்டரில் பிலோமினா என்கிற நான். மொத்த ஆபீசும் இவ்வளவுதான். பழனி, திருப்பதி, வேளாங்கண்ணி என்று பஸ் பிடித்துக் கொடுப்பது எங்கள் தொழில். யாத்திரை குறைகிற மாதங்களில் சும்மா இருக்கக் கூடாதென்று முதலாளி போர்டில் ஒரு வரி சேர்த்தார்: 'புதுமணத் தம்பதிகளுக்குத் தேனிலவுப் பயணமும் ஏற்பாடு செய்து தரப்படும்.' எழுதியவர் அவர். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

மலைக்கு மூன்று பேர்

அந்த வரியை நம்பி முதலில் வந்தவர்கள் ஆத்தூர்க்காரர்கள். அரிசி ஆலை வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளையும் பெண்ணும் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார, நடுவில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்தார். ஏற்காட்டில் ஒரு நல்ல அறை சொன்னேன். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும் என்றேன். அந்த அம்மா மேகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அறையில் மூன்றாவது கட்டில் போட இடம் இருக்குமா என்று கேட்டார்.

தேனிலவு என்றால் இரண்டு பேர் போவது என்று என்னால் முடிந்த அளவு மரியாதையாகச் சொன்னேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். பெண் என்னைப் பார்த்தாள். நான் விடவில்லை, கட்டில் போட இடம் கிடையாது, கதவு திறக்காது என்றேன். அந்த அறையில் ஐந்து கட்டில் போடலாம். இந்தப் பொய்க்காக நான் சாமியார் முன்னால் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிடவில்லை, இனியும் மாட்டேன். அந்த அம்மா கொஞ்சமும் கோபப்படாமல் சொன்னார்: "அப்படின்னா நான் வெளியில வராந்தாவுல படுத்துக்கறேன். மலைக்காத்து ஒத்துக்காம பொண்ணுக்கு ஜலதோஷம் பிடிச்சா கஷாயம் யாரு வெச்சுத் தருவாங்க?"

சரி என்று சொன்னவர்

பழனிசாமி வந்தது அதற்கு அடுத்த வாரம். நாமக்கல் பக்கம் பெரிய பண்ணையத்துப் பையன். இருபத்தைந்து வயதிருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். எங்கள் ஆபீசுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ஒரே ஆள். வந்ததும், "ஏனுங்க, ஒரு தீவு வேணுமுங்க" என்றார்.

"விலைக்கா, வாடகைக்கா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. விஷயம் அப்படி. பரமத்தி வேலூர்ப் பக்கம் ருக்மணி என்ற பெண்ணைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். தூரத்து முறைதான் என்பதால், கிணற்றடியில் இரண்டு வார்த்தை பேச விட்டிருக்கிறார்கள். உனக்கு ஏதாவது வேண்டுமா என்று இவர் கேட்டிருக்கிறார். சேலை, நகை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தால், அந்தப் பெண் சினிமாக் கொட்டகையில் படத்துக்கு முன்னால் காட்டிய நியூஸ் ரீலைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஏதோ ஒரு தீவில் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் போகிறார்களாம். அலை வரும்போது அந்தப் பலகையின் மேல் எழுந்து நின்று, கரை வரைக்கும் நின்றபடியே வருகிறார்களாம். கல்யாணம் ஆனதும் தானும் ஒரு தடவை அப்படி நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன். "சரின்னு சொல்லிட்டேனுங்க" என்றார். அது ஹவாய்த் தீவு, கப்பலில் போவதற்குள் இரண்டு பௌர்ணமி போய்விடும் என்று விளக்கினேன். அவ்வளவு தூரம் வேண்டாம், பக்கத்தில் ஏதாவது தீவு இருந்தால் சொல்லுங்கள் என்றார். வீட்டில் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். அவருக்கு அப்பா இருக்கிறார். ஆனால் அந்த வீட்டில் பேச்சு பெரியப்பாவுடையது. பழனிசாமி என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "பெரியப்பா முன்னால எனக்கு வாயே வராதுங்க. அதனாலதான் உங்க ஆபீசுக்கு வந்தேன்."

குருமடத்தில் இல்லாத பாடம்

எனக்கு அவர் மேல் எரிச்சல்தான் வந்தது. ஆனால் முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்தால் எரிச்சல் வேறு பக்கம் திரும்பியது. அவளுக்கு அவர் கொடுத்த முதல் வாக்கு இது. இதுவே காற்றில் போய்விட்டால், பிறகு காலமெல்லாம் அவர் சொல்லப்போகிற சரிக்கெல்லாம் அந்த வீட்டில் என்ன மதிப்பு இருக்கும்? வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். நடுவில் இருப்பது ஆனி மாதம் ஒன்றுதான். அதற்குள் ஒரு தீவு, அந்தத் தீவில் அலை, அந்த அலையில் ஒரு பலகை. பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சேலத்தில் கடலைப் பற்றி யாரைக் கேட்பது? இங்கே எல்லோருக்கும் தெரிந்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணைதான். கடைசியில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் பங்குச் சாமியாரிடம் போனேன். பிரெஞ்சுக்காரர், கப்பலில் வந்தவர், சின்ன வயதில் கடற்கரை ஊரில் வளர்ந்தவர். எந்தக் காற்றுக்கு எந்தக் கரையில் அலை எழும்பும், மணல் சரிவாக இருந்தால் அலை எப்படி மெதுவாக உடையும் என்று மேசைமேல் துண்டை விரித்து மடித்து மடித்துக் காட்டினார். அந்தமான் சொன்னார், சிலோன் சொன்னார். எல்லாம் கேட்டுக்கொண்டு, புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு இதில் எது பொருத்தம் சாமி என்று கேட்டேன். அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தன் இலக்கணத் தமிழில் சொன்னார்: "மகளே, குருமடத்தில் எங்களுக்கு இந்தப் பாடம் வைக்கவில்லை."

ஜெயிலும் தேயிலையும்

கல்யாணம் முடிந்து, விருந்துகளும் பாதி முடிந்த பிறகு, புதுத் தம்பதிக்குத் தீவுப் பயணம் என்று ஆபீஸ் பெயரில் நான் போட்ட கார்டைப் பார்த்துவிட்டு அவர்கள் வந்தார்கள். அவர்கள் என்றால் பெரியப்பா, பெரியம்மா, அப்புறம் பழனிசாமியும் ருக்மணியும். பெரியப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. எனக்கு எதிரில் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். பெரியம்மா முறுக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. பழனிசாமி நின்றார். ருக்மணி அவருக்குப் பக்கத்தில் நின்றாள். ஒல்லியான பெண், வெயிலில் வளர்ந்த நிறம், யாரையும் நேராகப் பார்க்கும் கண்.

பெரியப்பா முதலில் என்னைத்தான் விசாரித்தார். "உங்களுக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா, அம்மிணி?" இல்லை என்றேன். "அப்பறம் தேனிலவப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" இந்தக் கேள்விக்கு நான் பழகியிருந்தேன். "நான் காசிக்கும் போனதில்லைங்க. போன வருஷம் உங்க ஊர்க்காரங்களைக் காசிக்கு அனுப்பினேன். எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க" என்றேன். ருக்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி உள்ளே இருந்து இருமினார்.

அந்தமான் என்றதும் பெரியப்பா கையை உயர்த்தித் தடுத்தார். கொலை செய்தவனை அனுப்பிய இடத்துக்குக் கல்யாணம் செய்தவனை அனுப்புவதா என்று கேட்டார். நான் சிலோனை எடுத்தேன். ராத்திரி ரயில், பகலில் கப்பல், கிழக்குக் கரையில் ஆனி மாதம் நல்ல அலை. பாஸ்போர்ட் வாங்க வேண்டும் என்பதைக் கடைசியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அதற்குத் தேவையே வரவில்லை. பெரியப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "எங்க பண்ணையத்துல கூலிக்கு இருந்தவங்க பஞ்சத்துல பொழைக்கப் போன ஊரு அது. எங்கூட்டுப் பையன் அங்க போயி நின்னா, அவங்க என்னன்னு கேப்பாங்க? 'உங்களுக்கும் பஞ்சமுங்களா'ன்னு கேக்க மாட்டாங்க?"

தீவுதானே?

பழனிசாமி பேசுவார் என்று ருக்மணி அவரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த வேளாங்கண்ணிப் படத்தைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவே மெதுவாகக் கேட்டார்.

"ராமேசுவரம் தீவுதானுங்களே, அம்மிணி?"

தீவுதான் என்றேன்.

"சுத்தியும் கடலு இருக்குதில்ல?"

இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் தொடையில் தட்டினார். அப்பனுக்கும் ஆத்தாவுக்கும் அங்கே திதி கொடுக்க வேண்டும் என்று பல வருஷமாக நினைப்பாம். ஒறம்பரை எல்லாரும் ஆசைப்பட்டுக்கொண்டு இருக்கிறார்களாம். ஒரு பஸ் பிடித்தால் புதுமாப்பிள்ளை, பெண், சித்தப்பாமார், அத்தைமார், சமையல்காரர் எல்லோரும் ஒரே தடவையில் போய்வந்து விடலாமாம். உறவுக்காரர்களைத்தான் அந்தப் பக்கம் ஒறம்பரை என்பார்கள். முதலாளி உள்ளே இருந்து ஓடி வந்து பஸ் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

தேனிலவுக்குப் போகிறவர்களை யாராவது திதி கொடுக்கிற இடத்துக்குக் கூட்டிப் போவார்களா என்று நான் கேட்டேன். முதலாளி என் காலை மிதித்தார். நான் காலை இழுத்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன். பெரியப்பா எழுந்து துண்டை உதறினார். "தேனு, நெலவு எல்லாம் அதுகளே பாத்துக்கும். நீங்க பஸ்ஸ மட்டும் பாருங்க, அம்மிணி."

ருக்மணி தண்ணீர் கேட்டாள்

எல்லோரும் படி இறங்கிய பிறகு, தாகமாக இருக்கிறது என்று சொல்லி ருக்மணி திரும்பி வந்தாள். பானையிலிருந்து மொண்டு கொடுத்தேன். குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, ராமேசுவரத்துல அலை அடிக்குமா?" என்று கேட்டாள்.

கோயிலுக்கு முன்னால் இருக்கும் கடல் குளம் மாதிரி என்றேன். ஆனால் பாம்பனில் ரயில் இரண்டு வழியாகப் பிரியும்; ஒன்று இராமேசுவரத்துக்கு, இன்னொன்று தனுஷ்கோடிக்கு. தனுஷ்கோடியில் மணல் திட்டுக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே அடங்கிக் கிடப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே எகிறுவதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஆனியில் தெற்குக் கடல் நல்ல அலையாக வரும் என்று மாணிக்கம் சொல்லியிருக்கிறான். நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் மேட்டிலிருந்து குதிப்பாளாம், வாய்க்காலில் எதிர்த்து நீந்துவாளாம். "ஆடிக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தன்னா மாடு, கன்னு, களத்துவேலைன்னு ஆயிருமுங்க அக்கா. அப்பறம் யாருகிட்ட, என்னன்னு கேக்கறது? இவரு சரின்னு சொன்னது எங்கிட்ட. அத நான் உட மாட்டேன்."

அன்று சாயங்காலம் மாணிக்கத்தைப் பிடித்து உட்கார வைத்தேன். அம்மாபேட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளை, பத்து வருஷமாக யாத்திரைக் கூட்டத்தை மேய்ப்பவன், சாஸ்திரம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. புதுமாப்பிள்ளையும் பெண்ணும் திதி கொடுக்கும் இடத்தில் நிற்கலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது, அதிலும் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறவர்கள் கிட்டவே போகக் கூடாது என்றான். அப்படியானால் அவர்களை எங்காவது தள்ளி உட்கார வைக்க வேண்டுமே, பாம்பனில் வைக்கலாமா என்றேன். வைக்கலாம் என்றான். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு அடுத்த ரயில் எப்போது என்றேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "கோயிலுக்குள்ள கால் வெக்காதவங்க நீங்க. ஆனா எங்க சாஸ்திரம் எங்களவிட உங்களுக்குத்தான் நல்லா ஒத்தாசை பண்ணுது."

மஞ்சள் துணி சுற்றிய பலகை

புறப்படும் நாளில், பெண்களுக்குத் துணை வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லி, மாணிக்கத்தோடு நானும் கிளம்பினேன். பஸ் மேலே அண்டா, குண்டான், அரிசி மூட்டை, இலைக்கட்டு எல்லாம் ஏறியது. அவற்றோடு ஆள் உயரத்துக்கு ஒரு பலகையும் ஏறியது. ருக்மணி ஊர் ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. முள்முருங்கை மரம், நெட்டி மாதிரி இலேசு, தண்ணீரில் மிதக்கும். ஒரு முனையைப் படகு மூக்கு மாதிரி இழைத்திருந்தார். மேலே மஞ்சள் துணி சுற்றி, சாமி சாமான் மாதிரி வைத்திருந்தாள். இருந்தாலும் பெரியப்பா கண்ணுக்குத் தப்பவில்லை. அது என்ன என்று பழனிசாமியைக் கேட்டார்.

பழனிசாமி ஆகாயத்தைப் பார்த்தார். ருக்மணி அவருக்கு நிறைய நேரம் கொடுத்தாள். டிரைவர் பீடி பற்ற வைத்து முடிக்கும் வரைக்கும் கொடுத்தாள். கடைசியில் அவளே, "படுக்கறதுக்குங்க மாமா. சத்திரத்துத் தரைல படுத்தா எனக்கு முதுகு புடிச்சுக்கும்" என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஆனால் பஸ் ஏறும்போது அவள் கணவன் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பயணம் எதற்காக என்பது அந்தப் பெண்ணையும் என்னையும் தவிர யாருக்கும் நினைவில்லையோ என்று எனக்குத் தோன்றியது. பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி வருத்தப்பட்டார்: "நூக்க மரத்துல கட்டிலு சீராக் குடுத்தாங்க. அத ஊட்டுல போட்டுப்போட்டு, ஒத்தப் பலகையத் தூக்கிட்டு வாரீங்களே சாமி."

பாம்பன் ஜங்ஷன்

அந்தக் காலத்தில் தீவுக்கு ரோடு கிடையாது. மண்டபத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ரயிலேறிப் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்தபோது அத்தைமார் கண்ணை மூடிக்கொண்டார்கள். ருக்மணி ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக் கீழே பார்த்தபடி வந்தாள். அப்போதுதான் பழனிசாமி மெதுவாக அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

பாம்பன் வந்ததும் மாணிக்கம் சாஸ்திரத்தைச் சொன்னான். நன்றாகவே சொன்னான், எனக்கே பயமாக இருந்தது. பெரியப்பா உடனே ஒத்துக்கொண்டார். புதுசாக் கல்யாணம் ஆனவர்கள் மேல் ஒரு கெட்ட காற்றும் படக்கூடாது என்றார். பாம்பனிலேயே இருவரும் தங்கட்டும், காவலுக்கு இந்த அம்மிணி கூட இருக்கட்டும் என்றார். படுக்கிற பலகையும் எங்களோடு இறங்கியது. ரயில் நகர்ந்தபோது அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னிடம் சொன்னார்: "ரெண்டு பேரையும் தண்ணிப் பக்கம் உட்றாதீங்க, அம்மிணி. கடலு நம்ம கெணறு மாதிரி இல்லீங்க."

ஆண்கடல்

தனுஷ்கோடி ரயிலில் ஏறி இறங்கி, மணலில் நடந்து தெற்குக் கரைக்குப் போனோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் ஆழமில்லாத இடம் எது என்று கேட்டேன். கையைக் காட்டினார். பலகையைப் பார்த்துவிட்டு, வலையை அப்படியே போட்டுவிட்டுக் கூடவே வந்து நின்றுகொண்டார். ருக்மணி நாற்று நடப் போகிறவள் மாதிரி சேலையைத் தூக்கிச் செருகினாள். பழனிசாமி வேட்டியைத் தார்ப்பாய்ச்சினார். நான் மணலில் உட்கார்ந்து ஜெபமாலையைக் கையில் எடுத்தேன்.

அவள் பலகை மேல் குப்புறப் படுப்பாள், அவர் பின்னாலிருந்து பிடித்திருப்பார், அலை வந்ததும் தள்ளிவிடுவார். அவள் எழுந்து நிற்கப் போவாள். பலகை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மறுபடியும், மறுபடியும். உப்புத் தண்ணீர் குடித்து, இருமி, திரும்பப் படுப்பாள். ஒரு தடவைகூடப் போதும் என்று சொல்லவில்லை. என்னை ஒன்று மட்டும் உறுத்தியது. வெயில் ஏறிக்கொண்டே போனது, அவள் இன்னும் நிற்கவில்லை.

நான் வேதக்காரி, எனக்கு வேளாங்கண்ணி யாத்திரைதான் அத்துப்படி. தனுஷ்கோடிக் கடலில் குளிக்காமல் இராமேசுவர யாத்திரை நிறைவாகாது என்பது எனக்குத் தெரியாது. மாணிக்கத்துக்குத் தெரியும்; ஆனால் அவர்கள் மறுநாள்தான் வருவார்கள் என்று நினைத்துவிட்டான். அங்கே புரோகிதர் அன்றைக்கே முடித்துவிடலாம் என்றிருக்கிறார். ஈரத் துணியும் திருநீறுமாக, பஸ் ஆட்கள் மொத்தமும் மணல்மேட்டில் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் பெரியப்பா.

"டேய் பழனிசாமி. பலகைய உட்டுட்டுக் கரைக்கு வா."

அவர் கத்தவில்லை. கத்த வேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததே இல்லை. ருக்மணி பலகையைப் பிடித்தபடி தண்ணீரில் நின்றாள். அவள் பெரியப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. கணவனின் முகத்தை மட்டும் பார்த்தாள். பழனிசாமியின் வாய் திறந்தது, மூடியது. ஒரு அலை வந்து அவர் முகத்தில் அடித்தது. துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வாரேனுங்க பெரியப்பா. இவகிட்ட நான் சரின்னு சொல்லிப்போட்டேன். இவ நின்னதுக்கு அப்பறம் வாரேன்."

சொல்லிவிட்டுக் கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. பலகையைத் தள்ளினார். அவள் விழுந்தாள். இன்னொரு தடவை தள்ளினார். விழுந்தாள். அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், நான் அதுவரை கேட்டிராத குரல், கணீரென்று வந்தது. "கால அகட்டி வெய்யி சாமி. முழங்கால மடக்கு. பரம்பு மேல நிக்கற மாதிரி நில்லு." உழுத சேற்றைச் சமப்படுத்த மாடு கட்டி இழுக்கும் கனத்த பலகைதான் பரம்பு. அதன் மேல் ஒரு ஆள் நின்றுகொண்டு வருவார். சொன்னது பெரியம்மா.

அடுத்த அலையில் ருக்மணி நின்றாள். மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தில் பாதி சொல்வதற்குள் விழுந்துவிட்டாள். ஆனால் நின்றாள். கையை இரண்டு பக்கமும் விரித்து, நிமிர்ந்து, சிரித்துக்கொண்டு, கடல் மேல் நின்றாள். வலைக்காரர் விசிலடித்தார். பெரியப்பா கடலைப் பார்க்கவில்லை. அவர் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எப்ப பரம்பு மேல நின்ன?" என்று கேட்டார். பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "உங்க ஊட்டுக்கு வாரதுக்கு முன்னால."

பஸ் வேண்டாம்

திரும்பி வரும்போது பெரியப்பா யாரோடும் பேசவில்லை. சேலத்தில் இறங்கியதும் முதலாளியோடு மட்டும் பேசினார். அன்றைக்கே என்னைப் பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார் முதலாளி. தேனிலவு ஏற்பாடு செய்து தருவோம் என்று நீங்கள் எழுதினீர்கள், நான் ஏற்பாடு செய்து தந்தேன், இதில் எதற்கு மன்னிப்பு என்றேன். வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றார். நிறுத்துங்கள், ஆனால் அடுத்த ஆத்தூர்க்காரருக்கு நீங்களே கட்டில் கணக்குச் சொல்லுங்கள் என்றேன். அவர் யோசித்தார். மறுநாள் நான் வழக்கம்போல வந்து கவுண்ட்டரில் உட்கார்ந்தேன்.

ஆவணியில் ஒரு நாள் மத்தியானம் பெரியம்மா வந்தார். தனியாக உள்ளே வந்தார். ஆடி முடிந்து ருக்மணி வந்துவிட்டாளா என்று கேட்டேன். வந்துவிட்டாள், பழனிசாமிக்கு இப்போது பெரியப்பா முன்னால் வாய் வருகிறது, சில நேரம் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது என்றார். அப்புறம் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவரும் பெரியவரும் இரண்டு பேராக எங்கேயும் போனதில்லையாம். கோயிலுக்குப் போனால் பஸ், கல்யாணத்துக்குப் போனால் வண்டி நிறைய ஆட்கள், தோட்டத்துக்குப் போனால் பண்ணையத்து ஆட்கள். "அலை அடிக்கற ஊராப் பாத்து ரெண்டு டிக்கெட்டுப் போடு சாமி. பஸ்ஸு வேண்டாம்."

பெரியவருக்குச் சம்மதமா என்று கேட்டேன். பெரியம்மா வாசல் பக்கம் கையைக் காட்டினார். எதிர்ப்பக்கம் சைக்கிள் கடை நிழலில், குடையை ஊன்றிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவும் இல்லை, வீட்டுக்குப் போகவும் இல்லை. வருவாரா என்று நான் மறுபடியும் கேட்டேன். பெரியம்மா முறுக்குப் பையைத் திறந்து எனக்கு ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வருவாருன்னுதான் ரெண்டு போடச் சொல்றேன். வரலீன்னா ஒரு டிக்கெட்டாப் போட்டுரு."

கடலுக்கு அனுப்புவதெல்லாம் பெரிய வேலையே இல்லை, என் இனத்தாரே. வீட்டு வாசலைத் தாண்ட வைப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.